விற்காமல் போன குட்டிகள் யாருடைய பொறுப்பு?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆட்கள் கூடியிருக்கும் எந்த வட்ஸ்அப் குழுவுக்குள் போனாலும் இப்போது இந்த மாதிரி ஒரு விளம்பரம் கிடக்கிறது. 'ஹஸ்கி, அல்சேஷன் குறொஸ். 35 நாள் குட்டி. நீலக் கண். கடுவன், பெட்டை இரண்டும் உண்டு. தூர இடமென்றால் பஸ்ஸில் போட்டு விடலாம்.' கீழே வரிசையாக 'விலை?' என்று கேட்டிருப்பார்கள். தாய் நாய் எங்கே, அதற்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து என்று கேட்ட ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

இதைப் பற்றி எழுதினால் 'மனிசர் பட்ட பாட்டுக்கே பேச ஆளில்லை, நீ நாய்க்குப் பேச வந்திட்டாய்' என்று ஒரு கதை கட்டாயம் வரும். வன்னியில் அப்படிக் கேட்பவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் எங்கள் சனம் பட்ட துன்பத்தைக் காட்டி, ஒரு பெட்டை நாயைக் கம்பிக் கூட்டுக்குள் அடைத்து வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போட வைப்பதைச் சரியென்று சொல்ல முடியாது. துன்பம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள். அதனால் எங்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. நாய்களைக் கலப்பதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர் நாய்கள் எல்லாமே கலப்புத்தான். 2008, 2009இல் சனம் இடம்பெயர இடம்பெயரக் கூடவே ஓடி வந்தவை, வர முடியாமல் வளவிலேயே நின்று போனவை, மீளக் குடியேறியபோது தறப்பாள் கொட்டிலடியில் தானாக வந்து படுத்தவை, பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவை என்று எல்லாம் கலந்து இறங்கி வந்த வம்சம் இது. ஒருவரும் திட்டம் போட்டுக் கலக்கவில்லை. வெயில் தாங்காதது, உண்ணிக் காய்ச்சலுக்கு நிற்காதது எல்லாம் கழிந்து போக மிஞ்சியவைதான் இன்று முற்றத்தில் படுத்திருக்கின்றன. வயலில் பன்றி விரட்டவும் பட்டிக்குக் காவலுக்கும் இவற்றை விட்டால் வேறு நாய் எங்களுக்கு இல்லை.

திட்டம் போட்டுக் கலப்பதிலும் நல்லது உண்டு. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் வளர்க்கும் நிறுவனங்கள் லப்ரடோரையும் கோல்டன் ரிட்ரீவரையும் வேண்டுமென்றே கலக்கின்றன. தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு மூட்டையும் எக்ஸ்ரே எடுத்து, கண்ணைச் சோதித்து, குணம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பிறந்த குட்டி வேலைக்குச் சரிவராவிட்டால் அதற்கு ஒரு வீடு தேடிக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான். டல்மேஷன் நாயின் கதை இன்னும் நல்லது. கறுப்புப் புள்ளி போட்ட அந்த இனம் முழுவதிலும் யூரிக் அமிலக் கோளாறு பரவி, மூத்திரப்பையில் கல் வருவது வழக்கமாகி விட்டது. 1973இல் அமெரிக்காவில் றொபேர்ட் ஷைபிள் என்ற மரபியல் ஆய்வாளர் டல்மேஷனை ஒரே ஒரு தடவை பொயின்டர் நாயோடு கலந்து, பிறகு வந்த தலைமுறைகளை எல்லாம் திரும்பவும் டல்மேஷனோடேயே சேர்த்து, கோளாறு இல்லாத புள்ளி நாயைக் கொண்டு வந்தார். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கெனல் கிளப் அந்த வம்சத்தை 2011இல்தான் மனமார ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 40 வருஷம். நாய்க்கு நன்மை வர வேண்டுமென்று கலப்பவருக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படுகிறது. அதை 35 நாள் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உலகம் முழுக்க இன்றைக்கு நடக்கும் கலப்பு நாய் வியாபாரத்துக்கு வாசல் திறந்ததும் ஒரு நல்ல நோக்கம்தான். அந்தக் கதையை இங்கே குட்டி விற்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1980களின் கடைசியில் அவுஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இனப்பெருக்கப் பொறுப்பில் இருந்தவர் வொலி கொன்றன். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் அவரிடம் கேட்டார்: எனக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் மயிர் ஒத்துக்கொள்ளாது. கொன்றன் முதலில் பூடில் நாய்களையே பழக்கிப் பார்த்தார், ஒன்றும் அந்த வேலைக்குச் சரிவரவில்லை. கடைசியில் லப்ரடோரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மயிரையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில் ஒரு குட்டி மட்டும் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் எடுக்க ஆளில்லை, ஏனென்றால் வரிசையில் காத்திருந்தவர்களுக்குக் கலப்பு நாய் பிடிக்கவில்லை. அந்த நேரம் அவர் 'லப்ரடூடில்' என்று ஒரு புதுப் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், அதே குட்டிகளைக் கேட்டுத் தொலைபேசி ஓயாமல் அடித்தது.

பிறகு நடந்ததும் அவர் வாயாலேயே வந்திருக்கிறது. 10 குட்டி பிறந்த ஓர் ஈத்தில் 3 குட்டிக்கு மட்டும்தான் ஒவ்வாமை தராத மயிர் இருந்ததாம். ஆனால் பெயர் அதற்குள் வெளியே போய்விட்டது. கண்டவரெல்லாம் தாய் தகப்பனின் உடம்பைச் சோதிக்காமல், பூடிலை எதோடு சேர்த்தாலும் விலை வரும் என்று கலக்கத் தொடங்கினார்கள். 2019இல் அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு அளித்த பேட்டியில் அந்த மனிதர் இதைத் தன் வாழ்நாள் வருத்தம் என்ற பொருளில் பேசினார். அவர் வருந்தியது அந்தப் பார்வையற்ற பெண்ணுக்கு உதவியதற்காக அல்ல. தான் வைத்த பெயரைச் சொல்லிப் பின்னால் வந்தவர்கள் செய்ததற்காக. அந்த ஒவ்வாமைக் கதையும் முழுதாக நிற்கவில்லை: நெதர்லாந்தில் 2012இல் வந்த ஓர் ஆய்வில், ஒவ்வாமை தராது என்று விற்கப்பட்ட இனங்களின் மயிரில் அந்த ஒவ்வாமைப் புரதம் மற்ற நாய்களை விடக் கூடுதலாகவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வாமைப் பேச்சு இல்லை. இங்கே விற்கப்படுவது வேறு வாக்கு. 'குறொஸ் எண்டால் வருத்தம் வராது, எங்கட வெயிலுக்கும் நிற்கும், பார்க்கச் சாதி நாய் மாதிரியே இருக்கும்.' மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்றுமே ஒரு குட்டியில் சேர்ந்து வருமென்று யாராலும் உறுதி தர முடியாது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஆட்களுக்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. ரெட் லேடி என்ற கலப்பினப் பப்பாசி வைத்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள். பக்கற் விதை போட்டால் தோட்டம் முழுக்க ஒரே அளவு, ஒரே நிறம். காசு மிச்சம் என்று அந்தப் பழத்தின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தரம் ஒன்று ஆண் மரம், ஒன்று சின்னக் காய், ஒன்று இனிப்பில்லை. நாயிலும் அதேதான் நடக்கிறது. இரண்டு சுத்தமான இனங்களைச் சேர்த்த முதல் தலைமுறை ஓரளவு ஒன்றுபோல் வரும். அந்தக் கலப்புக் குட்டிகளைத் திரும்பவும் தங்களுக்குள் சேர்த்தால் எது எப்படி வருமென்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் ஓடும் 'ஹஸ்கி'களில் அரைவாசிக்கு மேல் ஏற்கெனவே கலப்பில் பிறந்த கலப்பு. பப்பாசி சரிவராவிட்டால் வெட்டி விடலாம். குட்டியை என்ன செய்வது?

மயிர், நிறம், கண் எல்லாம் உண்மையில் மிகச் சில மரபணுக்களின் வேலை. நாயின் மயிர் நீளமா, சுருளா, மீசை தாடி உள்ளதா என்பதில் பெரும்பகுதியை மூன்று மரபணுக்களே முடிவு செய்கின்றன என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற அழகைப் பிடித்து வைப்பது சுலபம். இடுப்பு மூட்டு, இதயம், குணம், பயம், இவை எல்லாம் பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்த விஷயம், கண்ணுக்குத் தெரியாது, அதனால் விளம்பரத்திலும் வராது. அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டு நோய் வரும், லப்ரடோருக்கும் வரும். இரண்டையும் சேர்த்தால் அது ஒன்றையொன்று வெட்டிப் போய்விடுமா? அதே நோய் இரண்டு பக்கத்தாலும் வரும்.

'கலப்பு என்றால் பலம்' என்பதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 27,000க்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், 24 பரம்பரை நோய்களில் 10 நோய்கள் சுத்த இனங்களில்தான் கூட இருந்தன. ஒன்று கலப்பு நாய்களில் கூட. மீதி 13இலும் வித்தியாசமில்லை. அங்கே கலப்பு என்று எண்ணப்பட்டவை எல்லா வகைக் கலப்பு நாய்களும். விற்பதற்கென்றே உருவாக்கிய கலப்பைத் தனியே எடுத்துப் பார்த்தது பிரித்தானியாவின் ரோயல் வெற்றினரி கல்லூரி. 2024இல் அவர்கள் பூடிலோடு சேர்த்து உருவாக்கிய கொக்கபூ, லப்ரடூடில், கவபூ ஆகிய மூன்று கலப்புகளையும் அவற்றின் தாய் தகப்பன் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டார்கள். 86.6 சதவீத ஒப்பீடுகளில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆகவே 'வருத்தம் வராது' என்று சொல்லி விற்பவர் தனக்குத் தெரியாத ஒன்றை விற்கிறார்.

இன்னொரு ஆபத்து எங்களுக்கே உரியது. இந்த வட்டாரத்தில் நீலக் கண் கடுவன் எத்தனை இருக்கும்? ஒரு சிலதான். எல்லாப் பெட்டையும் அதே ஓரிரு கடுவனுக்குத்தான் போகின்றன. இரண்டு மூன்று வருஷத்தில் மகளும் அங்கேதான் போகும், பேத்தியும் அங்கேதான் போகும், பதிவு என்று ஒரு கொப்பித் தாளும் யாரிடமும் இல்லை. கலப்பு என்று சொல்லி விற்பது உள்ளுக்குள்ளே சொந்தத்துக்குள் சேர்த்ததாக முடிகிறது. தமிழ்நாட்டு ராஜபாளையத்தில் வெள்ளை நிறத்தையே தேடித் தேடிச் சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்த நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இனித் தாய் நாய். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

பெட்டை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பருவத்துக்கு வரும். சினைக் காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டிகளை ஒழுங்காக வளர்த்து விட எட்டுக் கிழமை. கூட்டினால் நான்கு மாதம். ஒவ்வொரு பருவத்துக்கும் விட்டால் வருஷத்தில் எட்டு மாதம் அது சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கிறது. மிஞ்சிய நான்கு மாதத்தில் உடம்பு தேற வேண்டும், அதுவும் சோறும் மீன் தலையும் தின்று. முலைகள் நிலத்தில் முட்ட, முதுகெலும்பு தெரிய, கூட்டுக்குள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கும் பெட்டைகளை நான் பல வளவுகளில் பார்த்திருக்கிறேன். வாங்க வருபவருக்கு அதைக் காட்ட மாட்டார்கள். குட்டிகளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு முன் விறாந்தைக்குக் கொண்டு வந்துதான் படம் எடுப்பார்கள். இங்கிலாந்தில் 2020இலிருந்து குட்டியைத் தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும், இடைத்தரகர் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் லூசி, குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட ஒரு தாய் நாயின் பெயர்.

பெரிய தலைக் கடுவனைச் சின்ன உடம்புப் பெட்டையில் விடுவதும் நடக்கிறது, குட்டி 'மினியேச்சர்' ஆக வருமாம். பிரசவம் இறுகிப் போனால் எங்கே கொண்டு போவது? எங்கள் பிரதேசங்களில் இருக்கும் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் முக்கியமாக ஆடு மாடு கோழிக்கானவை. அங்கே இருக்கும் வைத்தியர்கள் முடிந்ததைச் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன், ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு நாய்க்குச் சிசேரியன் செய்ய அங்கே வசதி இருக்காது. யாழ்ப்பாணத்துக்கு ஓட வேண்டும், வாகனம் பிடிக்க வேண்டும், கையில் காசு வேண்டும். முழு இலங்கைக்கும் மிருக வைத்தியம் படிப்பிக்கும் பீடம் பேராதனையில் ஒன்றே ஒன்றுதான். இந்த நிலைமை தெரிந்துகொண்டே ஒரு பெட்டையைச் சினைப்படுத்துபவர், அது செத்தால் சாகட்டும் என்று முதலிலேயே முடிவு எடுத்து விட்டார். வாயால் சொல்லாவிட்டாலும் அதுதான் முடிவு.

35 நாள் ஏன் என்று எனக்குக் கன காலம் விளங்கவில்லை. பிறகு ஒருவர் கணக்கைச் சொன்னார். ஐந்து கிழமை வரை குட்டிகள் தாய்ப்பாலில் ஓடும். அதற்குப் பிறகு தீன் போட வேண்டும், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், ஆறாவது கிழமையிலிருந்து, குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட நோயான பார்வோவுக்கு ஊசி தொடங்க வேண்டும். செலவு தொடங்கும் நாளுக்கு முதல் நாளே குட்டியைத் தள்ளி விடுகிறார்கள். தாய்ப்பாலோடு வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டு வரும் நேரம் பார்த்து, பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில், ஊசி போடாத குட்டி போகிறது. அங்கே போய் நாலு நாளில் வயிற்றால் இரத்தம் போய்ச் செத்தால் 'நீங்கள் பார்த்த பார்வை சரியில்லை' என்பார்கள். கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் ஒரு குட்டி எவ்வளவு கடிக்கலாம் என்று பழகுகிறது. அதற்கும் நேரம் கொடுப்பதில்லை. பிறகு அந்த நாய் பிள்ளையைக் கடித்து விட்டது என்று தெருவில் விடுவார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஓர் ஈத்தில் ஆறு ஏழு குட்டி. நீலக் கண் ஒன்றோ இரண்டோ. அவை முதல் கிழமையே பதிவாகி விடும். பஞ்சு மயிர் உள்ளவையும் போகும். மண்ணிறமாக, குட்டை மயிரோடு, காது தொங்கி, ஊர் நாய் மாதிரியே பிறந்தவை மிஞ்சும், அதிலும் பெட்டைகள். தாய் ஒன்றுதான், தகப்பன் ஒன்றுதான், ஒரே நாளில் பிறந்தவைதான். அவை எங்கே போகின்றன என்று யாராவது விற்பவரிடம் கேளுங்கள். 'ஆரோ எடுத்திட்டினம்' என்பதுதான் பதில். நான் சொல்கிறேன் எங்கே போகின்றன என்று. சந்தை மூலையில், குளக்கட்டில், குப்பை கொட்டும் இடத்தில், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில். ஏ9 வீதியால் போகும் வாகனமெல்லாம் அங்கே நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், யாராவது ஒரு துண்டு போடுவார்கள் என்று நினைத்து அங்கே விட்டுவிட்டுப் போவது பலருக்குப் புண்ணியமாகவே படுகிறது. கொஞ்ச நாளில் பாதி டயருக்குள் போய்விடும். தப்பியவை எட்டு ஒன்பது மாதத்தில் தாங்களே குட்டி போடும், விசர் ஊசி போடாத அந்தக் குட்டிகளைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தூக்கி விளையாடுவார்கள். விசர்நாய்க் கடியின் ஆபத்து தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள்.

விலை போனவற்றின் லாபம் ஒருவர் சட்டைப்பைக்குள் போகிறது. விலை போகாதவற்றின் செலவு ஊருக்கு, பிரதேச சபைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலடியில் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு, கடைசியில் அந்தக் குட்டிக்கே. இதில்தான் நான் நிற்கிறேன். ஒரு உயிரைத் தானாகப் பிறக்க விடாமல், காசுக்காகத் திட்டம் போட்டுப் பிறக்க வைத்தவருக்கு அதன் மேல் கடமை உண்டு. விற்றதோடு அது முடிவதில்லை, விற்க முடியாமல் போனால் இன்னும் கூடுகிறது.

விலை கொடுத்து வாங்குபவர்களையும் விட்டு விடக் கூடாது. ஹஸ்கி சைபீரியாவின் பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம், உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். நாய்க்கு எங்களைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியே விட வேண்டும். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே, சீமெந்துத் தரையில், சங்கிலியில் அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால் 'இது குறொஸ் தானே, தாங்கும்' என்பார்கள். எந்தக் குட்டிக்குத் தாயின் தோல் வந்தது, எதற்குத் தகப்பனின் மயிர் வந்தது என்று பார்த்தா வாங்கினீர்கள்? வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பிள்ளை ஆசைப்பட்டு வாங்கித் தந்துவிட்டுப் போய்விடும். பிறகு எழுபது வயது அப்பாவும் அம்மாவும், தங்களால் இழுத்துப் பிடிக்க முடியாத ஒரு நாயும் அந்தப் பெரிய கேற்றுக்குள்ளே. அந்த வீடுகளுக்கு ஒரு ஊர் நாய் போதும். வயிறு நிறையச் சோறு போட்டால் வேலிக்கு உள்ளே ஒருவரையும் ஒரு அடி வைக்க விடாது.

சரி, விற்கிறவர்களின் பக்கம். பக்கத்து ஊரில் இதைச் செய்யும் ஒரு பெடியனோடு நான் நேராகவே பேசினேன். கெட்ட பிள்ளை இல்லை. அவன் கேட்டான்: "அண்ணை, நான் களவெடுக்கேல்ல, கசிப்புக் காய்ச்சேல்ல, மணல் ஏத்தேல்ல. ரெண்டு நாய் வைச்சிருக்கிறன். குட்டி வித்து வாற காசிலதான் தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள். அதில என்ன பிழை? மாட்டுக்கு அரசாங்கமே ஊசி போட்டுக் கலக்குதுதானே?"

இந்தக் கேள்வியை லேசாக எடுக்க முடியாது. நுண்கடனில் மூழ்கிக் கிடக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். நாயில் லாபம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை, உழைப்புக்குக் காசு வருவது நியாயம். மாட்டுக் கதைக்கு நான் சொன்ன பதில் இது: மாட்டுக்கு ஊசி போடும்போது எந்த நாம்பனின் விந்து என்று பதிவு இருக்கிறது, எங்கள் சூட்டுக்கு எது நிற்கும் என்று பார்த்துச் சகிவால், ஜேர்சி என்று தெரிவு செய்கிறார்கள், பிறந்த கன்று கிடாரி என்றாலும் நாம்பன் என்றாலும் வளர்ப்பவருக்கு அது சொத்து. யாரும் கன்றைக் கோயிலடியில் விட்டுவிட்டு வருவதில்லை. மாட்டிலும் நாங்கள் செய்யும் கொடுமைகள் இருக்கின்றன, அது வேறாக எழுத வேண்டியது. ஆனால் குட்டி விஷயத்தில் அந்தப் பதிவும் இல்லை, அந்தத் தெரிவும் இல்லை, அந்தச் சொத்து நினைப்பும் இல்லை.

அவனுடைய கணக்கையும் உட்கார்ந்து பார்த்தோம். கடுவன்காரருக்குக் காசு, அல்லது விருப்பமான ஒரு குட்டி. பிறகு ஏஜென்ட் வந்து மொத்தமாக எடுத்துப் போவார், அவர் வெளியூரில் விற்கும் விலை இவன் வாங்கிய விலையை விடப் பல மடங்கு. தாய்க்கு நோய் வந்தால் இவன் செலவு. குட்டி செத்தால் இவன் நட்டம். மிஞ்சிய குட்டிகள் இவன் தலையில். ஏழையின் வயிற்றுப்பாட்டைச் சொல்லி நியாயம் பேசும் இந்தத் தொழிலில் பெரிய காசு ஏழையிடம் நிற்பதே இல்லை.

சட்டம் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. எங்களிடம் இருக்கும் மிருக வதைத் தடைச் சட்டம் 1907இல் வெள்ளைக்காரர் காலத்தில் எழுதியது, அதில் போட்ட தண்டம் 100 ரூபா. இந்தியாவில் 2017இல் நாய் இனப்பெருக்கத்துக்கென்றே விதிகள் கொண்டு வந்தார்கள்: பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டுக் கிழமைக்கு முன் விற்கக் கூடாது. அங்கே எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை, ஆனால் அந்த விதிகளை நாங்கள் பின்பற்ற எங்களுக்கு ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. விளம்பரம் போடும் குழுக்களின் அட்மின்கள் நினைத்தாலே பாதி நடக்கும். தாயின் படம் இல்லாத விளம்பரத்தை எடுத்து விடுங்கள். எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டியை எடுத்து விடுங்கள். குட்டியை வைத்திருக்க முடியாமல் போனால் திருப்பி எடுப்பேன் என்று எழுத்தில் சொல்லாதவரின் விளம்பரத்தையும் எடுத்து விடுங்கள். அந்த ஒரு வரியை எழுதச் சொன்னால் பாதிப் பேர் இந்த வியாபாரத்தையே விட்டு விடுவார்கள் என்று எனக்கு நிச்சயம் தெரியும், ஏனென்றால் திரும்பி வரும் குட்டிக்கு யாரிடமும் இடமில்லை.

அந்தப் பெடியன் இரண்டு விஷயத்துக்குச் சம்மதித்திருக்கிறான். இனி எட்டுக் கிழமைக்கு முன் குட்டி வெளியே போகாது, விற்ற குட்டி திரும்பி வந்தால் எடுப்பான். மூத்த பெட்டைக்குக் கருத்தடை செய்வதற்கு மட்டும் இன்னும் தலையாட்டவில்லை. அடுத்த ஈத்துக்கு ஒருவர் முற்பணம் கொடுத்து வைத்திருக்கிறாராம். திருப்பிக் கொடு, குறைகிறதை நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அடுத்த கருத்தடை முகாம் எப்போது என்று மிருக வைத்திய அலுவலகத்திலும் விசாரித்து வைத்திருக்கிறேன். திகதி தெரிந்ததும் இங்கே போடுகிறேன், உங்கள் வீட்டுப் பெட்டைகளையும் கொண்டு வாருங்கள். கொண்டு வர வாகனம் இல்லாதவர்கள் முதலே சொன்னால் லாண்ட்மாஸ்டர் ஒன்று ஒழுங்கு செய்யலாம்.